ஏணியில் சொன்ன "ம்"

விமானம் விழுந்த நான்காம் நாள் காலையில், மச்சினன் பதினோராவது காரணத்தோடு வந்து சேர்ந்தான்.

"மாமா, பறவையும் இல்ல, மின்னலும் இல்ல. எரிபொருள்ல தண்ணி. எங்க டாக்சி ஸ்டாண்டுக்கு வர்ற ஒருத்தர் அடிச்சு சொல்றார். அவருக்கு அனுபவம் இருக்கு."

"என்ன அனுபவம்?" என்று அவனுடைய அக்கா, மாமாவின் மனைவி, சமையலறையிலிருந்து கேட்டாள்.

"அவரோட ஸ்கூட்டர்ல ஒரு தடவை தண்ணி கலந்துபோச்சு."

தெருவில் ஒரு பூனை காணாமல் போனாலும் வீடு வீடாகப் போய் விசாரித்து மாலைக்குள் தீர்ப்பு சொல்லிவிடுகிற ஆள் அவன். "விசாரணைக் கமிஷன்" என்றால்தான் ஸ்டாண்டில் தெரியும். விமானம் விழுந்த அன்றே விசாரணையைத் தொடங்கிவிட்டான். ஏரிப் பக்கத்துக் கொக்குகள், விமானியின் தூக்கம், அணைக்காத கைபேசி, ஓடுபாதையில் குறுக்கே வந்த நாய் என்று வேளைக்கு ஒன்றாகக் கொண்டுவந்தான்.

மாமா சோபா ஓரத்தில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடமாக ஒரே ஷூ. அவர் விமான நிலையத்தில் மெக்கானிக்; இருபத்திரண்டு வருஷ வேலை. அன்று விடியற்காலை அந்த விமானத்தின் வலது இன்ஜினில் எண்ணெய் அளவு பார்த்து மூடியவர் அவர்தான். அது கிளம்பி இருபது நிமிடத்தில் ஏரிச் சேற்றில் இறங்கியது. அறுபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் வீடு திரும்பவில்லை. பதினோரு மணிக்கு அவர் விசாரணை அதிகாரியின் முன்னால் உட்கார வேண்டும்.

"என்ன மாமா, தண்ணியா இருக்கலாம்ல?"

"ம்," என்றார் மாமா.

மச்சினன் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் அவர் பசித்தவன் மாதிரி வாங்கிக்கொண்டிருந்தார். அது அவருக்கே வெட்கமாக இருந்தது. கொக்குகள் என்றபோது, கொக்குகளாகவே இருந்துவிடக் கூடாதா என்று மனம் ஏங்கியது. விமானி தூங்கிவிட்டார் என்றபோது, முகம் தெரியாத அந்த மனிதரை அரை மணி நேரம் மனதுக்குள் தூங்கவைத்துப் பார்த்தார். அந்த விமானியும் திரும்பாத ஒன்பது பேரில் ஒருவர் என்ற நினைவு வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

"வண்டிய எடுத்து வாசல்ல நிறுத்தறேன்," என்று மச்சினன் வெளியே போனான்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த மற்ற ஷூவைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்க போன் எடுப்பவள் அவள். எதிர்முனையில் ஒருவர் "ஹலோ" சொன்னாலே வலிக்கிறதா, பயமா, சும்மா சந்தேகம் கேட்கிறாரா என்று சொல்லிவிடுவாள்.

"நாலு நாளா வாயத் திறக்கல. உங்களுக்கு அது புதுசு இல்ல. ஆனா இது வேற மௌனம். என்னன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். அவர் கணக்குக்கு அது நீண்ட பேச்சு.

ஏணிமேல் நின்று இன்ஜினின் சின்னக் கதவுக்குள் தலையை விட்டிருந்தார். கீழே சூப்பர்வைசர் சோதனைப் பட்டியல் அட்டையைப் பார்த்துப் படிப்பார். மேலே இருப்பவர் முழு வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். அதுதான் விதி. தலையாட்டல் செல்லாது. "எண்ணெய் மூடி பூட்டியாச்சா?" என்று கேட்டால் "பூட்டியாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கீழே கையெழுத்து. அன்றைக்கு அவர் "ம்" என்று மட்டும் சொன்னார். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"பூட்டினீங்களா?"

"பூட்டியிருப்பேன்."

"அவர் என்ன சொல்றார்?"

"நேத்து போன் பண்ணார். 'பூட்டியாச்சுன்னு நீ சொன்னது என் காதுல தெளிவா விழுந்துச்சு தம்பி, அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன், நீயும் அதையே சொல்லு'ன்னார். நாலு மாசத்துல ஓய்வு அவருக்கு. நான் மாத்திச் சொன்னா அவர் மாட்டிக்குவார்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

"முக்காலி மேல ஏறுங்க. தலைய மேல் அலமாரிக்குள்ள விடுங்க."

"என்னடி இது?"

"சொல்றதச் செய்ங்க. அந்த டப்பாவெல்லாம் ஒண்ணொண்ணாத் திறந்து பார்த்துட்டு மூடுங்க."

அவர் ஏறினார். ஒற்றை ஷூவோடு ஏறினார். அலமாரிக்குள் இருட்டாக இருந்தது. மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. டப்பாக்களைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டால் அவர் அதற்குள் போய்விடுவார். அது அவர் சுபாவம். கீழே அவள் பாத்திரங்களை நகர்த்தினாள், பால்காரருக்குப் போன் செய்தாள், குழாயைத் திறந்து மூடினாள். அவள் நிற்பதையே அவர் மறந்த நேரம் பார்த்து, "உப்பு டப்பா மூடியாச்சா?" என்றாள்.

"ம்," என்றார்.

"அப்படியே நில்லுங்க."

அவர் தன் கையைப் பார்த்தார். டப்பா இடது கையில் இருந்தது. மூடி வலது கையில் இருந்தது.



"இது 'செஞ்சுட்டேன்' ம் இல்லங்க," என்றாள் மெதுவாக. "'செஞ்சிட்டிருக்கேன், தொந்தரவு பண்ணாத' ம். கல்யாணமான புதுசுல இது தெரியாம எத்தனை நாள் ஏமாந்திருக்கேன்."

"அப்போ அன்னிக்கு நான்…"

"அடுத்த நிமிஷம் பூட்டியிருப்பீங்க. நீங்க பாதியில விடற ஆள் இல்ல. ஆனா அது உங்களப் பத்தி நான் சொல்றது. அந்த ம் சொன்னது இல்ல."

அவர் உப்பு டப்பாவை மூடினார். மூடியைத் திருகி, இன்னொரு தடவை திருகிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"நான் என்ன சொல்லட்டும்?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க." முந்தானையால் அவர் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். "எது சொன்னாலும் நான் வெளியில பெஞ்சுலதான் உட்கார்ந்திருப்பேன். லீவு போட்டாச்சு."

டாக்சியில் மச்சினன் அதிசயமாகப் பேசாமல் ஓட்டினான். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது அவள் கணவரின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நாய் வரைக்கும் சொன்னான். மெக்கானிக்னு ஒரு தடவையாவது சொன்னானா, கவனிச்சீங்களா?"

அவர் கவனித்திருக்கவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுகிறவன் என்று உலகமே சொல்கிற அந்தப் பையன், நான்கு நாளாக ஒரே ஒரு வார்த்தையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். அவனுடைய பிடரியில் முடிவெட்டின கோடு கோணலாக இருந்தது. அவர் கையை நீட்டி அவன் தோளில் வைத்தார். "என்ன மாமா, ஏசி வேணுமா?" என்றான் அவன்.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண்மணி. மேசையில் அவர் முன்னால் சூப்பர்வைசரின் வாக்குமூலம் இருந்தது.

"மூடி பூட்டியாச்சான்னு அவர் கேட்டப்போ நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"'ம்'னு சொன்னேன் மேடம். பூட்டியாச்சுன்னு சொல்லல."

பேனா நின்றது. "உங்க சூப்பர்வைசர் வேற மாதிரி எழுதியிருக்கார்."

"அவர் என்னை நம்பறவர். அதனால காதுல அப்படி விழுந்திருக்கும்."

"பூட்டினீங்களா?"

"பூட்டின மாதிரி கைக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அது அன்னிக்குப் பூட்டின ஞாபகமா, இருபத்திரண்டு வருஷமாப் பூட்டின ஞாபகமான்னு எனக்குத் தெரியல."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். இன்ஜின் இன்னும் சேற்றுக்குள்தான் இருக்கிறது, கிரேன் வந்து தூக்கினால்தான் எதுவும் தெரியும், அது வரைக்கும் ஊர் சொல்கிற எந்தக் காரணத்தையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்றார். அது வரைக்கும் அவருக்கு ஏணி வேலையும் கிடையாது என்றார்.

வெளியே பெஞ்சில் மனைவிக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். கூப்பிடாமலே, துணைக்கு இருக்கட்டும் என்று வந்திருக்கிறார். மடியில் ஒரு பழைய கோப்பு.

"நல்லபடியா சொன்னியா தம்பி?"

"நடந்ததச் சொல்லிட்டேன் அண்ணே. 'ம்'னுதான் சொன்னேன்னு."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் எழுதணும்னு எழுதல தம்பி," என்றார். "நீ ம்ங்கறது. நான் ஆச்சுன்னு எடுத்துக்கறது. எத்தனை வருஷமா இப்படியே ஓட்டியிருக்கோம். என் காதுல அது ஆச்சுன்னேதான் கேட்டுச்சு. நேத்து ராத்திரி பூரா மனசுக்குள்ள திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். கேக்கக் கேக்க எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"உங்களுக்குச் சிக்கல் பண்ணிட்டேன் அண்ணே."

"விடு. ஏணிக்குக் கீழ நின்னவன் நான். 'என்ன சொன்ன, திருப்பிச் சொல்லு'ன்னு கேட்டிருக்கணும்." கோப்பைப் புரட்டி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "பேனா இருக்கா பாப்பா? 'ம்'னுதான் கேட்டுச்சுன்னு மாத்தி எழுதிக் குடுத்துடறேன்."

அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் தாளைத் தொடையில் வைத்து எழுதப் பார்த்தார். அடியில் கெட்டியாக எதுவும் இல்லாததில் முதல் எழுத்தே தாளைக் குத்திக்கொண்டு போனது. மாமா அவருக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, கோப்பைத் தாளுக்கு அடியில் கொடுத்து, அது அசையாதபடி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.