எல்லோருக்கும் ஆப்சென்ட்

"ஏனுங்க டீச்சர், உங்களுக்காகத்தான வெயில்ல உக்காந்திருக்கறோம், எங்களுக்கே ஆப்சென்ட் போட்டுட்டீங்களாமா?" என்று தனபால் கேட்டதும், "கிளாஸ்ல இல்லியேப்பா, இல்லாதவங்கள இருக்காங்கன்னு எப்படி எழுத?" என்று நான் சொன்னதும், "அதுவுஞ் சரிதானுங்க" என்று தலையைச் சொறிந்துகொண்டு மறுபடியும் கல்லூரி வாசலில் போய் அவன் உட்கார்ந்ததும்... பஸ் கொழிஞ்சாம்பாறையைத் தாண்டும்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும். மடியில் பை, பைக்குள் உறை, உறைக்குள் கல்லூரி மானேஜர் கையெழுத்து. தமிழ்ப்ரியா, பொருளாதாரத் துறை, பணி நிரந்தரம். மூன்று முறை படித்தாகிவிட்டது, இன்னொரு முறை படித்தால் என்ன? என்னோடு சேர்ந்த நான்கு பேருக்கும் இது போன வருடமே வந்துவிட்டது, எனக்கு மட்டும், எஸ்டேட் தமிழ் கலந்த மலையாளம், பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதி நிறுத்திவிட்டார்கள். எனக்கு முன்னால் அன்னாள் டீச்சருக்கும் அதே வரிதான், அவரும் என்னைப் போல மூணாறு பக்கம் லயத்தில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்தான், யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். நானும் அப்படித்தான் போயிருப்பேன், பிள்ளைகள் விட்டால்தானே... தமிழே பேச வராத ஸ்ரீஜித், "டீச்சர் பறஞ்ஞா ஞங்ஙள்க்கு மனசிலாவும்", டீச்சர் சொன்னால் எங்களுக்குப் புரியும், என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு பதினோரு நாள் வாசலில் உட்கார்ந்தானே, அவனுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? நான் அந்தப் பதினோரு நாளும் காலி பெஞ்சுகளுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன், பெயர் கூப்பிட்டேன், பதில் இல்லை, ஆப்சென்ட் போட்டேன். மற்ற டீச்சர்கள் பாவம் பார்த்து எல்லோருக்கும் வருகை போட்டுவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பேச்சுவார்த்தையில் மானேஜர், "நம்ம பிள்ளைகள் எல்லாம் கிளாஸில்தான் இருந்தார்கள், வாசலில் இருந்தது வெளியாட்கள்" என்று சொல்ல, மாணவர் தலைவி மாதுரி எழுந்து, தமிழ்ப்ரியா டீச்சரோட அட்டென்டன்ஸைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாளாம். அறுபத்திரண்டு பேர், பதினோரு நாள், ஒருவர் பாக்கியில்லாமல் ஆப்சென்ட், கீழே என் கையெழுத்து. மானேஜர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாராம், கடைசியில் என் ஆர்டரில் கையெழுத்துப் போட்டாராம். உறையோடு நான் வெளியே வந்தபோது என்ன சத்தம், தனபால் கேட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு, "டீச்சர், அந்த ஆப்சென்ட்ட மட்டும் மாத்தீராதீங்க, சட்டம் போட்டு மாட்டோணும்" என்றான், இவனுக்கெல்லாம் சனிக்கிழமை கிளாஸ் வைத்து அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும், வைப்பேன், வராமல் போகட்டும் பார்க்கிறேன்.

அம்மாவுக்குப் போன் போட்டால், "நெசமாவா தாயி, இனி ஒன்ன யாரும் எறக்கிவிட முடியாதுல்ல?" என்று கேட்டு அழுதாள், அதற்குப் பிறகு, லயத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? இந்த மாதத்தோடு அம்மாவுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலை முடிகிறது, வேலை முடிந்தால் அந்த ஒற்றை அறையையும் காலி செய்துகொடுக்க வேண்டும், நாற்பது வருடம் இருந்தாலும் அதுதான் அங்கே முறை. அம்மா எங்கே போவாள்? எங்கள் வீட்டில் மூன்று அறை சும்மா கிடக்கிறது. என்னைக் கட்டிய மூன்று வருடத்தில் சிவப்பிரகாஷ் எத்தனையோ தடவை, "நா எங்கம்மாகிட்டச் சொல்றேன்" என்றான், வேண்டாம், ஆர்டர் வரட்டும், நானே கேட்கிறேன் என்று நான்தான் தடுத்தேன். என் அம்மா ஒரே ஒரு முறை எருத்தேன்பதியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் அம்மா, என் அத்தை, சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வாங்க என்று நீட்டுவார், உரக்கடைக்காரருக்குக்கூட. அன்று உள்ளே இருந்தபடியே வாங்க என்றார், தண்ணீரை சிவப்பிரகாஷ் டம்ளரில் கொண்டுவந்தான். அம்மா படியிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். யாரும் உள்ளே வராதே என்று சொல்லவில்லை... சொன்னால்தானா?

வீடு வந்துவிட்டது. அத்தை முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார், "என்ன அம்முணி, மொகம் இப்படி மினுங்குது, கெடச்சிருச்சா?" என்றார். உறையைக் கொடுத்தேன். படிக்கத் தெரியாத எழுத்தை விரலால் தடவிப் பார்த்து, "எம் மருமவளயா பேசத் தெரியாதுன்னானுங்க, ஊட்டுல இவ பேச ஆரம்பிச்சா நா வாயத் தொறக்க முடியறதில்ல" என்று சிரித்தார், ஒரு கை கடலையை அள்ளி என் கையில் வைத்தார். எவ்வளவு பிரியம், பொய்யில்லாத பிரியம். இதோ ஆர்டர் வந்துவிட்டது, கேட்க வேண்டியதுதானே, ஏன் நாக்கு எழவில்லை? அப்படியானால் ஆர்டருக்காகக் காத்திருந்தேன் என்பதெல்லாம்... இந்தப் பிரியம் போய்விடுமோ என்றுதானா மூன்று வருடமும்? அங்கே எனக்காகக் கேட்க அறுபத்திரண்டு பேர் வெயிலில் இருந்தார்கள். கடலையை முறத்திலேயே திரும்ப வைத்தேன்.

"அத்தை, எங்கம்மா இனி இந்த வீட்டுலதான் இருக்கணும். அவ வர்ற அன்னிக்கு, தண்ணிச் சொம்ப எடுத்துக்கிட்டு நீங்கதான் வாசலுக்கு வரணும்."