சுருளிவேல் கேட்ட குழம்பு

பெருமாயி கரண்டியைக் கணவரின் உதட்டோடு ஒட்டிவைத்தாள். நாட்டுக்கோழிக் குழம்பின் எண்ணெய் உதட்டோரம் வழிந்து தாடி முள்ளில் நின்றது. சுருளிவேல் வாயை இறுக்கிக்கொண்டார்.

“தொறங்க. நீங்க கேட்டதுதான்.”

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். உயிர் மிச்சமிருந்த இடதுகை கட்டிலைவிட்டுத் தொங்கி, தரையைக் காட்டியது.

“கொழம்பு” என்றார். “கீழ. கொழம்பு.”

இரண்டாம் முறை பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயில் மிஞ்சியது இந்த இரண்டு சொல்தான். கருவாட்டுக் குழம்பு வைத்துப் பார்த்தாள். புளிக்குழம்பு வைத்தாள். ஒன்றையும் தொடவில்லை. இப்போது மூன்று நாளாகக் கஞ்சியும் இறங்கவில்லை. மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது.

“கீழ ஒக்கார வச்சு ஊட்டச் சொல்றான் பெருமாயி” என்றாள் அவருடைய அக்கா பழனியம்மாள். நேற்றே ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்துவிட்டவள். “சின்னதுல இருந்தே தரையில சம்மணம் போட்டாத்தான் அவனுக்குச் சோறு எறங்கும். ஏலே பழனிக்குமாரு, உங்கப்பன எறக்கிப் போடுடா.”

மகன் பழனிக்குமார் தோளைப் பிடித்தான். மகள் சத்யபிரியா காலைப் பிடித்தாள். சுருளிவேலின் இடதுகை கட்டில் காலைப் பற்றிக்கொண்டது. விரல் விரலாகத்தான் பிரிக்க முடிந்தது. பாயில் கிடத்தியதும் முதுகை வில்லாக வளைத்தார். தரையில் படாமல் கிடக்கப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

“கொழம்பு இல்ல. மண்ணாசைதான் நிக்கிது” என்றாள் பழனியம்மாள். “ஊரு காட்டுலயெல்லாம் கெணறு வெட்டுனான். தனக்குன்னு ஒரு குழி நெலம் வாங்கல. அவன் வெட்டுன கெணத்துமேட்டுல ஒரு பிடி மண்ணு எடுத்தாந்து பால்ல கரைச்சு ஊத்துங்க. நிம்மதியாப் போயிருவான்.”

இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்கு அப்படி ஊற்றுவது வழக்கம்தான். பெருமாயியே இரண்டு மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறாள். கரைத்தது அவள். ஊற்றியதும் அவள். மண்பால் நாக்கில் பட்டதும் சுருளிவேல் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். இரண்டாவது கரண்டிக்கு வாய் தானாகத் திறந்தே கிடந்தது.

“நான் சொன்னேன்ல” என்று சொல்லிவிட்டுப் பழனியம்மாள் ஓங்கி அழ ஆரம்பித்தாள்.

மதியத்துக்குள் கன்னிவாடித் தெருவில் பந்தல் வந்துவிட்டது. உடம்பைப் பெஞ்சில் கிடத்தித் தாடையைக் கட்டினார்கள். பெருமாயி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அந்தக் கடைசிப் பார்வை எதைக் கேட்டது என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வாதத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே அவருக்குப் பேச்சு நன்றாகவே இருந்தது. வேலை போய்விட்டது. வெடி வைத்துப் பாறை பிளந்த மனிதர் சுவரோரம் சாய்ந்து, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, மகன் வாங்கிக் கொடுத்த போனில் எரிமலையாகப் பார்த்துத் தள்ளினார். பெருமாயி எதிரே உட்கார்ந்து மல்லிகை கட்டுவாள்.

“ஏ பெருமாயி, மெக்சிகோன்னு ஒரு தேசம். அங்க ஒரு சம்சாரி சோளக்காட்டுல நிக்கிறான். கண்ணு முன்னால தரை விரியுது. பொகை வருது. மறுநாள் பாத்தா வீடு ஒசரத்துக்கு மேடு. ஒரு வருசத்துல மலையாயிருச்சு. பரிகுட்டினாம் பேரு.”

“நீங்க பாத்தீகளாக்கும்.”

“போன்ல காட்டுறான்டி.”

“போன்ல எல்லாத்தையுந்தான் காட்டுறான்.”

இந்தோனேசியாவில் கிராக்கடோவா வெடித்தபோது ஒரு தீவே காணாமல் போனதையும், சத்தம் கடல் தாண்டிக் கேட்டதையும் சொன்னார். இத்தாலியில் வெசூவியஸ் கக்கிய சாம்பல் ஒரு ஊரையே மூடியதாம். உள்ளே அகப்பட்டவர்கள் மக்கிப்போய், அவர்கள் கிடந்த இடம் மட்டும் ஆள் வடிவத்தில் பொந்தாக இருந்ததாம். ஒரு பொந்து, கையால் முகத்தை மூடிக்கொண்ட ஆள் வடிவில் இருந்ததாம்.

“வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?” என்று அவள் அதட்டினாள்.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அந்தச் சோளக்காடும் நம்ம காடு மாதிரி சமதரைதான் பெருமாயி. கீழ போகப் போகக் கல்லு மூச்சு விடும். கெணத்துக்குள்ள நான் கேட்டுருக்கேன்.”

அவள் பூச்சரத்தை முடிந்து நூலைப் பல்லால் அறுத்தாள். 

பந்தலில் மூன்றாவது ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. பேனர் அடிக்கப் போட்டோ வேண்டும் என்று சத்யபிரியா அப்பாவின் போனை எடுத்து விரலால் தேய்த்தாள். எங்கோ கை பட்டது. பாதியில் நின்றிருந்த வீடியோ ஓட ஆரம்பித்தது. ஒயர் இல்லாததால் சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது. அவசரமே இல்லாத ஓர் ஆண் குரல்.

“...ஒரு தட்டு இன்னொரு தட்டின் அடியில் புகுந்து இறங்குகிறது. அங்கே, நமக்குக் கீழே, பாறை உருகிக் குழம்பாகிறது. குழம்பு லேசானது. அது மேலே வர வழி தேடுகிறது. அதற்குள் அடைபட்ட வாயு, குலுக்கிய சோடா பாட்டில் போல...”

அழுதவர்கள் வாயைத் திறந்தபடியே நிறுத்தினார்கள். பெஞ்சிலிருந்தே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. சத்யபிரியா பதறி அணைத்தாள்.

“என்னது பிள்ள அது?” என்றாள் பெருமாயி.

“அப்பா பாத்த வீடியோம்மா. கைபட்டு ஓடிருச்சு.”

“கொழம்புன்னு சொல்லுச்சே.”

“எரிமலைக் கொழம்பும்மா. கல்லு உருகி ஓடும்ல, அதுக்கு அதான் பேரு.”

பெருமாயி அவர் முகத்தின்மேல் குனிந்தாள். பிறகு தாடைக் கட்டை அவிழ்த்தாள். முந்தானையை நனைத்து விரலில் சுற்றி, அவர் வாய்க்குள் விட்டாள். கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் மண் ஒதுங்கிக் கிடந்தது. வழித்து எடுத்தாள். மறுபடி விட்டு வழித்தாள்.

“என்ன பெருமாயி பண்ற?” என்று பழனியம்மாள் கையைப் பிடித்தாள்.

“இவரப் பொதைக்கக் கூடாது.”

அந்த நேரத்துக்குத்தான் இடுகாட்டிலிருந்து குழி வெட்டும் வீரன் வந்து பந்தக்காலோரம் நின்றான். “குழி ரெடிங்கக்கா. பொழுது சாயுமுன்ன எடுத்துட்டா நல்லது.”

“எரிக்கணும்” என்றாள் பெருமாயி. “கீழ கொழம்புன்னு அவுக கேட்டது திங்கிறதுக்கு இல்ல. கீழ தீ கெடக்கு, அங்க போடாதீகன்னு சொல்லிருக்காக. நாம தரையில எறக்கிப் போட்டோம். வாயில மண்ண ஊத்துனோம்.”

பழனியம்மாளுக்கு முகம் சிவந்தது. “எரிக்கிறது நம்ம வழக்கமா? எங்கப்பா, ஐயா, அம்புட்டுப் பேரும் அந்த மண்ணுக்குள்ளதான படுத்திருக்காக. யாரு வெந்தா போயிட்டாக?”

“நீங்க போயிப் பாத்தீகளா மதினி?”

பந்தலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. 

“அம்மா, நம்ம பக்கம் எரிமலையே கிடையாது” என்றாள் சத்யபிரியா தணிவாக. “அந்தமான் பக்கம் ஒரு ஆளில்லாத தீவுல இருக்கு. அம்புட்டுதான். நம்ம பாறையெல்லாம் எப்பவோ ஆறிப்போச்சு.”

“இருக்கட்டும். அவுகளுக்கு ஆறலையே.”

பழனிக்குமார் பெஞ்சருகே நின்றிருந்தான். காலையில் கட்டில் காலிலிருந்து அப்பாவின் விரல்களைப் பிரித்தவன் அவன்தான். தன் கையையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஊரு என்ன சொல்லும்னு யோசிச்சியாடா?” என்றாள் பழனியம்மாள்.

“ஊரு நாளைக்கு வேற பேச்சுப் பேசும் அத்தை.” அவன் வாசலில் நின்ற அமரர் ஊர்தியின் டிரைவரைப் பார்த்துத் திரும்பினான். “அண்ணே, வண்டிய திண்டுக்கல்லுக்கு விடுங்க. கேஸ்ல எரிக்கிற மயானத்துக்கு.”

வீரன் தலையைச் சொறிந்தான். “எல்லாஞ் சரி. குழி? வெட்டுன குழிய வெறுமனே மூடப்படாதுங்க. ஆளில்லாம மூடுனா அது ஆளக் கேக்கும்.”

அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.  ஒரு வாழைக்கட்டையை வெட்டி, சுருளிவேலின் வேட்டியைச் சுற்றிப் படுக்கவைத்துவிடலாம் என்று பேசி முடித்தார்கள். வீரனைத் தவிர ஆண்கள் எல்லாரும் வண்டியோடு போய்விட்டார்கள். தெரு திடீரென்று அகலமாகிவிட்டது.

“வீட்டாளு ஒருத்தர் கைமண்ணு போடணுமே” என்றான் வீரன், வாழைக்கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு.

பெருமாயி எழுந்தாள்.

“பொம்பள இடுகாட்டுக்குப் போறதா? அதுவும் இன்னிக்கா?” என்றாள் பழனியம்மாள்.

“அதுல ஆளே இல்லையே மதினி. வாழைக்கட்டைதான.”

இடுகாடு ஓடைக்கரையில் இருந்தது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கி, காடு முழுக்க நிழல் விழுந்திருந்தது. காற்றும் குளிர ஆரம்பித்திருந்தது. குழியிலிருந்து அள்ளிக் குவித்த மண் இருந்த பக்கம் மட்டும் எறும்பு ஒன்றுகூட இல்லை. பெருமாயி அதைப் பார்த்தாள். 

வீரன் செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு வெறுங்காலோடு குழிக்குள் இறங்கினான். அவன் தலை மட்டும் தெரிந்தது. வாழைக்கட்டையை வாங்கித் தலைமாடு, கால்மாடு பார்த்துக் கிடத்தினான். வேட்டியை இழுத்துவிட்டான். அதற்குள் ஒரு காலைத் தூக்கி மறுகாலை ஊன்றினான். பிறகு அதைத் தூக்கி இதை ஊன்றினான். கையை மண்சுவரில் வைத்தான். எடுத்துவிட்டான்.

“என்ன வீரா?”

“ஒண்ணுமில்லக்கா.”

இன்னொரு தடவை கால் மாற்றினான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அந்தச் செருப்பைச் செத்த எடுத்துப் போடுங்கக்கா.”

பெருமாயி ஒரு செருப்பை எடுத்துப் போட்டாள். வீரன் அதை மாட்டிக்கொண்டு, அடுத்தது வரும்வரை அந்த ஒற்றைக் காலிலேயே நின்றான்.