ஒன்பது மீட்டர் சிறகு

மகள் போன் செய்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஒன்பது ஆண்டுகளில் நான் மடித்த துணிகளை விரித்தால் பூமியை இரண்டு சுற்று சுற்றலாம். ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சும்.

“அப்பா, உங்க ஆளு எங்க ஆளு மேல மோத வர்றாரு.”

அவளுடைய ஆள் ஒரு விண்வெளித் தொலைநோக்கி. காற்று கலங்கடிக்காத உயரத்தில், மினுக்காத நட்சத்திரங்களைப் பார்த்தபடி, தொண்ணூற்றைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. என் ஆள், பதினோரு ஆண்டுகள் நான் இயக்கிய செயற்கைக்கோள். நான் ஓய்வுபெற்ற வருடமே அதுவும் செத்தது. இப்போது யார் சொல்லும் கேட்காமல் உருண்டுகொண்டிருக்கிறது.

“எப்போம்மா?”

“நாளைக்கு மத்தியானம். நாங்கதான் ஒதுங்கணும். ஒதுங்கினா, பத்திரமா கடல்ல இறக்குறதுக்கு மட்டும்தான் எரிபொருள் மிஞ்சும். அப்புறம் இறக்கிட வேண்டியதுதான்னு மேலாளர் சொல்லிட்டாங்க. இன்னும் மூணு வருஷம் ஓட வேண்டியதுப்பா.”

“ஒதுங்காம விட்டா?”

“மோதுற வாய்ப்பு பத்தாயிரத்துல ஒண்ணுக்குக் கீழ இருந்தா விடலாம். இப்ப மயிரிழைல மேல நிக்குது. உங்க ஆளோட சிறகு ஒன்பது மீட்டர்னு பதிவுல இருக்கு. அதை வெச்சுதான் கணக்கு. சரிதானேன்னு கேக்கத்தான் போன் பண்ணேன்.”

சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் ஒற்றைச் சிறகு அது. தரையிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒரு புள்ளி. நீளம் நான் எழுதியதுதான். அந்தச் சிறகு விரிந்தபோது சூரியனே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டதாக என் பிரிவுபசார விழாவில் சொன்னேன். கட்டடமே கைதட்டியது. எதையும் ஊதிப் பெரிதாக்குவதால் அங்கே எனக்குப் பெயர் பலூன்.

கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தேன்.

“நாலு மீட்டர்,” என்றேன்.

“இது உங்க கணக்கா, நிஜக் கணக்கா?”

“நிஜம்.”

“அப்பா, விளையாடாதீங்க. இங்க பாதிப் பேர் அழுதுட்டிருக்காங்க.”

“நாலுலயே சிக்கிக்கிச்சும்மா. பெரிய மனுஷங்க எல்லாம் என் நாற்காலிக்குப் பின்னால நின்னுட்டிருந்தாங்க. விரிஞ்சுதான்னு கேட்டாங்க. முழுசா விரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். முதல் நாள் மின்சாரப் பதிவை எடுத்துப் பாரு. வர வேண்டியதுல பாதிகூட இருக்காது. பேட்டரி பழசுன்னு காரணம் எழுதியிருப்பேன். ஏறின அன்னிக்கே பேட்டரி எப்படிம்மா பழசாகும்?”

பதினோரு வருடம் என் வாயால் பட்ட அவமானத்துக்கு அது மானமுள்ள பேட்டரியாக இருந்திருந்தால் தானாகவே வெடித்திருக்கும்.

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். முதல் நாள் பதிவைத் தேடி எடுத்தாள்.

“ஆமாம்ப்பா,” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மகளின் கட்டுப்பாட்டு அறையில் மேலாளர் என் முன் ஒரு தாளை வைத்தார். “ஐயா, நாலு மீட்டர்னா மோதுற வாய்ப்பு வரம்புக்குக் கீழ வந்துடுது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இதை நம்பித்தான் ஒதுங்காம விடப்போறோம். தப்பாப் போனா ரெண்டும் தூள்.”

ஒரே வரி எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய அறிக்கை. வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பயமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பின் உதடு இருக்குமே, அப்படி இருந்தேன் முழுதாக.

மத்தியானம் அறையில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். வினாடிக்குப் பதினான்கு கிலோமீட்டர் வேகத்தில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும். கண் இமைப்பதற்குள் நூறு தடவை கடந்துவிடும் என்று சொல்ல வாய் வரை வந்தது. மூடிக்கொண்டேன். கடக்கும் நேரம் கடந்தது. திரையில் எதுவும் மாறவில்லை. தொலைநோக்கி எங்கள் ஆண்டெனாவின் பார்வைக்கு வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. என் டீ ஆறி ஆடை கட்டியது. குடித்தேன். ருசி தெரியவில்லை.

நாற்பத்தோராவது நிமிடம் சிக்னல் வந்தது. எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. யாரோ மேசையைக் குத்தினார்கள். மேலாளர் உட்கார்ந்துவிட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதிவேட்டைத் திறந்து ஒன்பதை அழித்து நாலு என்று தட்டினாள்.

“மாத்தினதுக்குக் காரணம் கேக்குதுப்பா. என்ன போட?”

“இயக்கினவர் பொய் சொன்னார்னு போடு.”

அப்படியே தட்டினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

“வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க,” என்றாள்.

போனேன். நேற்று விட்ட துணிகள் கட்டிலில் கிடந்தன. ஏழு சட்டைகள். மடித்து அடுக்கினேன். திரும்ப எண்ணிப் பார்த்தேன். ஏழுதான்.