முன்சில்லுப் பிரேக்

இல்லை என்ற சொல்லை இரவீந்திரன் தன் ஐம்பத்தாறு வயதுக்குள் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி, வீட்டில் மனைவி தயாநிதியிடம் சொன்னது. வெளியில் யார் என்ன கேட்டாலும் ஓம்தான். சுவிஸின் வின்டர்தூர் நகரத்தில் அவர் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமை வேலை முறைகளெல்லாம் அவர் தலையில் விழுந்தது இப்படித்தான். தங்கமான மனுசன் என்று சனம் சொல்லும். தயாநிதி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்.

ஒக்டோபர் நடுவில் அவருடைய பழைய கார் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கீச்சிடத் தொடங்கியது. முன்சில்லுகளின் டிஸ்க் தேய்ந்துவிட்டது, அதைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாட்டோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்று மகள் ஹரிஷா ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கார் மெக்கானிக் வேலையை நாலு வருடம் முறைப்படி பழகி, கோடையில் சோதனை பாஸ் பண்ணி, ஓகஸ்டில் நகரத்து ஓரத்திலிருந்த ஒரு கராச்சில் சேர்ந்தவள்.

சேர்ந்தவளுக்கு அங்கே கிடைத்ததெல்லாம் டயர்தான். முதலாளி கெல்லர் கெட்டவரில்லை. ஆனால் பிரேக், எஞ்சின் என்று வந்தால் அவருடைய கை தானாகவே பழைய ஆட்கள் பக்கம் நீளும். மூன்று மாதத் தகுதிகாண் காலம் மாதக் கடைசியில் முடிகிறது. எனக்கும் பிரேக் வேலை தந்து பாருங்கள் என்று ஹரிஷா நேரே போய்க் கேட்டுவிட்டாள். சனிக்கிழமை காலையில் ஒரு லிஃப்ட் சும்மா நிற்கும், உன் வீட்டுக் காரைக் கொண்டுவந்து முன் பிரேக்கைத் தனியாளாய் மாற்று, நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், அதற்குப் பிறகு உன்னை வைத்திருப்பதா இல்லையா என்று முடிவு சொல்கிறேன் என்றார் கெல்லர். அன்றைக்கே அவள் தன் பெயரில் கம்பெனியின் ஒறிஜினல் டிஸ்க்கும் பாட்டும் எடுப்பித்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும் காரிலை ஒருத்தரையும் கை வைக்க விடாதேங்கோ அப்பா," என்றாள்.

ஓம் என்றார் இரவீந்திரன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரிம்பாக் ஊரிலுள்ள கோயிலுக்குப் போனதுதான் வினையாய் முடிந்தது. கார் நிறுத்துமிடத்தில் யோகராஜா அண்ணையின் காதில் அந்தக் கீச்சுச் சத்தம் விழுந்துவிட்டது.

யோகராஜா அண்ணைக்கு அறுபத்தெட்டு வயது. தொழிற்பேட்டைக்குள் ஒற்றைக் கராச் ஒன்றை வாடகைக்கு வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடமாய் இரவீந்திரனின் கார்களைப் பார்ப்பவர். ஒரு காலத்தில் தமிழ்ச் சனம் அவர் வாசலில் வரிசையில் நின்றது. இப்போது எல்லோரும் லீசிங்கில் புதுக் கார் எடுத்துக் கம்பெனிக்குப் போகிறார்கள். போன வருடம் அவருடைய மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கைக்கு மிஞ்சியிருந்தது இரவீந்திரனின் கார் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை அந்த மனுசன் எல்லை தாண்டி ஜேர்மனிக்குப் போய் வேறு கம்பெனிச் சாமான் வாங்கிக்கொண்டு வந்து, வியாழக்கிழமை காரைக் கொண்டுவரும்படி போன் பண்ணினார்.

ஒறிஜினல் என்றால் எதைப் போட்டோம் என்பதற்கு ஒரு பேச்சிருக்காது, தன் கராச்சில் வேறு சாமான் பூட்டவும் மாட்டார்கள் என்பது மகளின் நியாயம். அதே இரும்பு, அதே தொழிற்சாலை, பெட்டியில் அடித்த முத்திரைக்கு ஏன் காசை அழுவான் என்பது யோகராஜா அண்ணையின் நியாயம். இரவீந்திரனுக்கு இரண்டும் சரியாகவே பட்டன. எந்தச் சாமான் நல்லது என்பதல்ல அவருடைய கரைச்சல். யாருடைய முகம் வாடுவது என்பதுதான்.

"மகளின்ரை வேலை இதிலை தொங்குது எண்டு சொல்லுங்கோவன். அவருக்கு விளங்காதோ?" என்று தயாநிதி கேட்டார்.

விளங்கியிருக்கும். ஒரேயொரு வசனம் போதும். இரண்டு நாளாய்ச் சமையலறையில் கரட் வெட்டிக்கொண்டே அந்த வசனத்தை இரவீந்திரன் வாய்க்குள் சொல்லிப் பழகினார். வியாழக்கிழமை அதைச் சொல்லத்தான் புறப்பட்டார். சொல்லப் போகிறவர் பஸ்ஸில் போயிருக்கலாம். காரில் போனார்.

அங்கே காரைத் தூக்கும் ஜக் தயாராக இருந்தது. பேப்பர் விரித்து, எண்ணெய் துடைத்த டிஸ்க் இரண்டையும் அடுக்கி வைத்திருந்தார் யோகராஜா அண்ணை. முகம் வழித்து, தோய்த்த ஓவரோல் போட்டு, ஃப்ளாஸ்கில் தேத்தண்ணியும் இரண்டு கோப்பையும் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்காரர் போல வாசலில் நின்றார். இரவீந்திரன் ஒருவழியாய் வாயைத் திறந்து, பிள்ளை ஹரிஷா என்று தொடங்கினார்.

"ஓம், அவளும் உந்த வேலைதானே," என்றார் யோகராஜா அண்ணை. "அவள் செய்வாளோ தம்பி?"

கதவைத் திறந்தே விட்டுவிட்டார் மனுசன். பிறந்ததிலிருந்து ஊருக்கெல்லாம் ஓம் சொன்ன வாய், சொல்ல வேண்டிய அந்த ஒரு இடத்தில் அதைச் சொல்லவில்லை. வழித்த அந்த முகத்தைப் பார்த்ததும் இரவீந்திரனுக்கு மனம் இளகிவிட்டது.

"அவளுக்கு இன்னும் கை வரேல்லை அண்ணை. உங்கடை கை போலை வருமோ."

இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பிரேக் சத்தமில்லாமல் பிடித்தது. வீடு திரும்பும் வழியில் இரவீந்திரன் ஒரு கணக்குப் போட்டார். சனிக்கிழமை பிள்ளை இதைக் கழட்டிவிட்டுத் தன் ஒறிஜினலைப் பூட்டட்டும். அதே வேலைதானே. ஒருவர் மனமும் கோணாது. இந்த மூளையை வீட்டில் யாரிடமாவது சொல்லியிருந்தால் அப்போதே உதை விழுந்திருக்கும். அவர் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை ஹரிஷா வேலைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டு, என்றுமில்லாத சந்தோசமாய், எட்டு மணிக்கு வந்துவிடுவீர்கள்தானே என்று கேட்டபோதும் தலையைத்தான் ஆட்டினார்.

சனிக்கிழமை கெல்லர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லிஃப்ட் உயர்ந்தது. ஹரிஷா முதல் சில்லைக் கழட்டினாள். உள்ளே டிஸ்க் பளபளத்தது.

கெல்லர் குனிந்து விரலால் தடவினார். இது புத்தம் புதுசு, இதில் மாற்ற என்ன இருக்கிறது என்று கேட்டார். ஹரிஷா டிஸ்க்கைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். கழட்டிவிட்டு ஒறிஜினல் போடுகிறேன் என்று அவள் சொல்ல, கெல்லர் தலையை ஆட்டி மறுத்தார். நல்ல பிரேக்கைக் கழட்டி எறிகிற பழக்கம் என் கராச்சில் இல்லை. யார் பூட்டியது, துப்புரவான வேலை என்று இரவீந்திரனிடமே கேட்டார்.

இரவீந்திரனின் முப்பது வருட ஜேர்மன் மொழி, சட்டிக்கும் முறைக்கும் யாருக்கு என்ன சாப்பாடு ஒத்துவராது என்பதற்கும் போதுமான ஜேர்மன். அதற்குள் யோகராஜா அண்ணையை எங்கே வைப்பது? தெரிந்த ஓராள், வியாழக்கிழமை என்று மட்டும் சொன்னார்.

கெல்லர் சிரித்தார். பொல்லாத சிரிப்பில்லை. சொந்தத் தகப்பனே இரண்டு நாளைக்கு முன் வேறொருவரிடம் கொண்டுபோயிருக்கிறார், நான் என் வாடிக்கையாளருக்கு என்ன சொல்ல என்றார். இன்னொரு நாள் பார்க்கலாமா என்று ஹரிஷா கேட்டாள். வருகிற கிழமை முழுக்கக் குளிர்கால டயர் மாற்ற வருகிறவர்கள், வியாழனோடு மாதமும் முடிகிறது, பார்ப்போம் என்றுவிட்டு, போன் அடிக்க அலுவலக அறைக்குள் போனார்.

"அப்பா, யோகராஜா மாமாவிட்டை என்னைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

அவளிடம் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "உனக்கு இன்னும் கை வரேல்லையெண்டு. மனுசன் பாவம் பிள்ளை, அதுதான்..."

அவள் சில்லைத் தூக்கி மாட்டினாள். நட்டுகளை எதிரெதிராய் ஒவ்வொன்றாக, அளவுக் குறடு டிக்கென்று சொல்லும்வரை இறுக்கினாள். ஒரு அசைவு வீணில்லை. மகள் வேலை செய்வதை இரவீந்திரன் இன்றைக்குத்தான் முதல் தரம் பார்க்கிறார். நாலு வருடமாய் ஒருநாள் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

உள்ளே போய்ச் சொல்லிவிட வேண்டும். பிழை என்னுடையது, என் மகள் நல்ல வேலைக்காரி. அவ்வளவுதான், அந்த அளவுக்கு ஜேர்மன் இருக்கிறது. அலுவலகக் கதவுவரை போனார். கெல்லர் போனில் பேசிக்கொண்டே, பொறு என்று ஒரு விரலைக் காட்டினார். இரவீந்திரன் பொறுத்தார். கெல்லர் மறுபக்கம் திரும்பி நாட்காட்டியைப் புரட்டினார். அந்த போன் முடிந்து அடுத்த போன் வந்தது. வாசலில் டயர் மாற்ற வந்த முதல் கார் ஹோர்ன் அடித்தது. வழியை மறித்து நின்றது இரவீந்திரனின் கார்தான்.

ஹரிஷா அதை இறக்கி வெளியே கொண்டுவந்து நிறுத்தி, சாவியை நீட்டினாள். ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் சில்லு நட்டுகளை ஒருதரம் இறுக்கிப் பார்த்துக்கொள்ளவும், நன்றி, மீண்டும் வருக என்றாள். வருகிற எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னாள். ஜேர்மனில் சொன்னாள். பிறந்த நாள் தொட்டு அவள் அப்பாவோடு ஜேர்மன் கதைத்ததில்லை.