பன்னிரண்டாவது துணி

மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவன் முதல் உதை உதைத்தான். வண்டி ஒருமுறை கனைத்துவிட்டு அடங்கியது. பத்தாவது உதைக்கு அந்தக் கனைப்பும் இல்லை.

ஆறு மணிக்கு அவன் குளிர்பதனக் கிடங்கின் வாசலில் கார்டு தேய்க்க வேண்டும். கிடங்கு பதினான்கு கிலோமீட்டர் தள்ளி. அந்தப் பக்கம் எந்தப் பஸ்ஸும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். இன்று காலை நைட் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது, உறைந்த மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்: "இன்னொரு தடவை லேட்டானா உள்ள வராத. கார்டை வாசல்லயே குடுத்துட்டுப் போயிடு."

அந்த வேலையும் மாமா தயவில் வந்தது. மாமா என்றால் அக்கா புருஷன். சூப்பர்வைசரும் அவரும் ஒரே பள்ளிக்கூடம். இதை வாரத்துக்கு நான்கு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, மூன்றாம் வருடம் கல்லூரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மச்சினனை வீட்டில் வைத்திருக்கும் மனிதருக்கு, சொல்லிக்காட்டுவது ஒன்றுதான் பொழுதுபோக்கு.

"என்ன மாப்ள, இன்னிக்கு வண்டிக்கு லீவா?" மாமா வாசல் படியில் வந்து நின்றார். கையில் டம்ளர்.

"காலையில நல்லாத்தான் வந்துச்சு. யாராச்சும் தொட்டீங்களா?"

"தொட்டீங்களாவா? நீ மல்லாந்து குறட்டை விட்டுக்கிட்டிருந்தப்ப ஒன்றரை மணி நேரம் கழுவியிருக்கேன்யா. கண்ணு இருந்தா பாரு, எப்படி மின்னுதுன்னு."

மின்னத்தான் செய்தது. இருபத்திரண்டு வருடத்து வண்டி. அதைக் கழுவி மினுக்குவது, கிழவனுக்குப் பல் கட்டி மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார வைத்ததுபோல இருந்தது.

"அப்ப தண்ணி உள்ள போயிருக்கும்."

"யாருகிட்டப் பேசற?" மாமாவுக்கு மூக்கு விடைத்தது. மருந்து கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர் அவர். வீட்டில் ஒவ்வொரு ஸ்விட்சுக்குக் கீழேயும் சீட்டு ஒட்டியிருப்பார். சாவி மாட்டும் கொக்கிக்கு நம்பர். வண்டி துடைக்கிற கந்தல் துணிக்குக்கூட மார்க்கரில் நம்பர் போட்டு, மூடி போட்ட டப்பாவில் அடுக்கி வைத்திருப்பார். உள்ளே போய்த் தன் நோட்டை எடுத்து வந்தார். "'வண்டி கழுவும் முறை.' கேட்டுக்கோ. ஒண்ணு, சாவி ஓட்டை, டேப் ஒட்டணும். ரெண்டு, பிளக், பாலித்தீன் கவர் மாட்டணும். மூணு, ஏர் ஃபில்டர் வாய், கவர். நாலு..."

நாலில் நின்றார்.

"நாலு?"

"மொத்தம் ஏழு இருக்கு. ஏழுக்கும் டிக் அடிச்சிருக்கேன். போதுமா?" நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். டப்பா மூடி திறக்கும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஏதோ முணுமுணுப்பும் கேட்டன. திரும்பி வந்தவர் வண்டிப் பக்கம் வராமல் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். டம்ளரை எங்கோ வைத்துவிட்டிருந்தார், நோட்டு மட்டும் அக்குளிலேயே இருந்தது.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளக்கைக் கழற்றினான். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தது. இன்ஜின் உடம்பில் சாய்த்துப் பிடித்து உதைத்தான். நீலப் பொறி பளிச்சென்று தெறித்தது. பெட்ரோல் வருகிறது, பொறி வருகிறது. அப்புறம் என்ன கேடு? துடைத்து மாட்டி உதைத்தான். கனைப்பு. அவ்வளவுதான்.

மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், அடுத்தவன் வீட்டில் எது நின்றுபோனாலும் முதல் ஆளாக மூக்கை நுழைப்பவர். "நான் சொன்னா கோவிச்சுக்காதீங்க தம்பி. தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்க."

தள்ளினார்கள். தெருக்கோடி வரை ஒருதரம், அங்கிருந்து வீடு வரை ஒருதரம். ஏஜெண்டின் செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம்.

"நான் சொன்னா கோவிச்சுக்காதீங்க. டேங்க்ல பெட்ரோல் இருக்கா?"

"இல்ல சார், மோர் ஊத்தி வெச்சிருக்கேன்."

படியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. வழக்கமான மிடுக்கு அதில் இல்லை. "கார்புரேட்டராத்தான் இருக்கும். கழட்டிப் பாரு."

மணி ஐந்து பதினைந்து. கார்புரேட்டரைக் கழற்றினான். கிண்ணத்தைத் திறந்தான், ஊசியளவுத் துளையை ஊதினான், திரும்ப மாட்டினான். விரல் முட்டி இரண்டு இடத்தில் தோலுரிந்தது. ஏர் ஃபில்டரையும் எடுத்துத் தட்டினான். அது காய்ந்து கிடந்தது. உதைத்தான். உதைக்கும்போது லீவர் காலுக்கடியில் ஒரு மாதிரி சொதசொதவென்று எதிர்த்தது. காலையில் அப்படி இல்லை.

மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியிடம் அவனுக்குக் கோபம் இல்லை. இரும்புக்கு வாய் கிடையாது, அது பொய் சொல்லாது. எரிச்சலெல்லாம் அவன்மேலேயே இருந்தது. இரண்டு வருடம் கரும்பலகையில் அதே நான்கு படங்களைப் பார்த்தவன்: உறிஞ்சு, அமுக்கு, எரி, வெளியே தள்ளு. முதல் மூன்றையும் ஐம்பது நிமிடமாக நோண்டிக்கொண்டிருக்கிறான். நான்காவது என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. அவனைப் போன்றவன் பாதியில் ஓடிவந்தது கல்லூரிக்குத்தான் லாபம்.

"சார், நீங்க கொஞ்சம் உதைங்க," என்றான் ஏஜெண்டிடம். சைலன்சர் முனைக்குப் பின்னால் குந்தி, உள்ளங்கையைக் காட்டினான். அறுந்த செருப்போடு அவர் உதைத்தார். ஒருமுறை. இரண்டுமுறை. கையில் காற்றே படவில்லை.

நீளமூக்குக் குறடை உள்ளே விட்டு இழுத்தான். முதலில் ஒரு நூல் வந்தது. அப்புறம், குச்சியால் குத்திக் குத்தி இறுக்கியிருந்த ஈரத் துணி முழுவதும் வந்து தரையில் விழுந்தது. கருநீலம். அவனுடைய பழைய வொர்க்‌ஷாப் கோட்டின் ஒரு கை. ஓரத்தில் மார்க்கரில் 12.

அவன் எழுந்து உதைத்தான். ஒரே உதை. வண்டி தெருவுக்கே கேட்கும்படி உறுமியது.

அக்கா வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள். அவர் அக்குளிலிருந்த நோட்டை உருவி, நாலாவதிலிருந்து ஏழாவது வரை படித்துவிட்டுப் படியில் வைத்தாள். மணி ஐந்து ஐம்பது.

"மாமா, உங்க ஃப்ரெண்டுக்குப் போன் போடுங்க," என்றான் அவன். "நடந்ததைச் சொல்லுங்க."

மாமா போனை எடுத்து நம்பரை அழுத்தி, தொண்டையைச் செருமினார். "வண்டி மக்கர்னு சொல்றேன். பழைய வண்டி, இவன் சரியாப் பராமரிக்கறதில்ல..."

அக்கா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணே, நான்தான் பேசறேன். என் தம்பி அரை மணி லேட்டா வருவான். அவன் மேல தப்பில்ல. உங்க ஃப்ரெண்டு வண்டியக் கழுவறேன்னு சைலன்சருக்குள்ள துணிய அடைச்சுட்டு எடுக்காம விட்டுட்டாரு. ஆமாண்ணே, துணி. ஆமா, எழுதி வெச்சுத்தான் கழுவினாரு. அடைக்கிறதுதான் எழுதியிருக்கு, எடுக்கிறது எழுதலையாம்."

போனில் சூப்பர்வைசர் சிரித்தார். நிறுத்தாமல் சிரித்தார். கூட இருந்தவர்களிடம் எதையோ சொல்ல, அவர்களும் சிரிப்பது கேட்டது. "ஆறரைக்குள்ள வரச் சொல்லும்மா. அந்த நோட்டை ஒரு நாள் எடுத்துட்டு வரச் சொல்லு, நாங்களும் பாக்கணும்."

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. அவனுக்குப் பாவமாகக்கூட இருந்திருக்கும். ஹெல்மெட்டை மாட்டி வண்டியில் ஏறும் நேரத்தில் மாமா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

"அந்தத் துணியக் குடுத்துட்டுப் போ. டப்பால பன்னெண்டுல ஒண்ணு குறையுது."

அவன் திரும்பினான். "எப்ப எண்ணினீங்க?"

மாமா குனிந்து படியிலிருந்த நோட்டை நேராக்கி வைத்தார்.

"டப்பா சத்தம் கேட்டுச்சே, அப்பத்தானே? பதினொண்ணுதான் இருக்குன்னு பார்த்துட்டு வந்துதானே கார்புரேட்டரைக் கழட்டச் சொன்னீங்க?"

மாடிவீட்டுக்காரர் "நான் சொன்னா கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார். மாமாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறிப் போனார்.

அவன் குனிந்து துணியை எடுத்தான். ஈரத்தைப் பிழிந்து, நான்காக மடித்து, நம்பர் மேலே தெரியும்படி மாமாவின் நோட்டின் மீது வைத்தான். கியரைப் போட்டுக் கிளம்பினான்.

"டிக் அடிச்சுக்கோங்க," என்றாள் அக்கா.