நிலபாவாடை மேல் ஒரு ராச்சியம்

கிளறா ஒரு ராசாவின் தையல்காரி. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவளுக்கிருந்த ஒரே வயிற்றெரிச்சல் அதுதான்.

ராசாவின் பெயர் எர்கோலே. அவருடைய நாடு கடலுக்கு அடியில் இருக்கிறது. சிரிக்கவேண்டாம். அவருடைய பூட்டனார் காலத்தில் சிசிலிக்குத் தெற்கே எரிமலை கக்கி ஒரு தீவு மேலே வந்ததாம். பூட்டனார் படகில் போய்க் கொடி நட்டு, முடியும் சூடிக்கொண்டு வீடு திரும்பினார். சாப்பிட்டுப் படுத்தெழும்பி மறுபடி போய்ப் பார்த்தால் தீவைக் காணவில்லை. தீவு மூழ்கினால் மூழ்கட்டும், முடி முடிதானே! அது பரம்பரையாக இறங்கி வந்து, பலேர்மோ நகரின் கால்சாப் பகுதியில் பாதி இடிந்தும் பாதி பூசியும் நிற்கிற ஒரு மாளிகையில், எர்கோலேயின் தலையில் குந்தியிருக்கிறது.

கிளறா அந்த வீட்டுக்குப் போனது நிலம் துடைக்கத்தான். மன்னாரிலிருந்து பலேர்மோவுக்கு வந்தவள் வேறு எதற்குப் போவாள்? ஒருநாள் திரைச்சீலை கிழிந்து தொங்குவதைப் பார்த்துக் கை சும்மா இருக்கமாட்டாமல் தைத்துவிட்டாள். ராசா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலைப் பார்த்தார். அந்த இடத்திலேயே அரண்மனைத் தையல்காரி என்று பட்டம் கொடுத்தார். மொரீசியஸ்காரரான சமையல்காரர் கேசவென் அங்கே போர் அமைச்சராகவும் இருந்தார்; அவர் அகப்பையை நெற்றிவரை உயர்த்தி மரியாதை செய்தார். அதன்பிறகு நிலத்தை யார் துடைத்தது என்று கேட்டால், கிளறாதான். ஆனால் பட்டத்தோடு துடைத்தாள்.

முடிசூட்டு நாளுக்கு ஒரு கோட்டு, கடற்படைக்கு ஒரு கோட்டு, தீவு மூழ்கிய நாளுக்குக் கறுப்புக் கோட்டு, தீவு திரும்பி வந்தால் போடுவதற்கென்று வெள்ளைக் கோட்டு என்று வருடக்கணக்காகத் தைத்தாள். அளவெடுக்கும்போது ராசா மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒளிப்பார். அவர் மூச்சு விடுமட்டும் கிளறா நாடாவைப் பிடித்தபடி நிற்பாள். இருவருக்கும் அது தெரியும், இருவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

இவ்வளவும் தைத்து என்ன பிரயோசனம்? ராசா வெளியே வருவதே இல்லை. இத்தாலி ஒரு குடியரசு. குடியரசின் மண்ணில் ராசாவின் கால் பட்டால், பட்ட கணமே அவர் வெறும் குடிமகன். அந்த வீட்டுச் சட்டம் அப்படி. ஆகவே கிளறாவின் கோட்டுகளைக் கண்ணாடியும் கேசவெனும் முற்றத்துப் புறாக்களும் மட்டுமே பார்த்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோவில் வாசலுக்கு வந்தால் அனிற்றா பிடித்துக்கொள்வாள். அவள் நகர நடுவில் பொலிதேயாமா அரங்குப் பக்கம் ஒரு பெரிய கடையில் காற்சட்டை விளிம்பு மடித்துத் தைப்பவள். தையல் என்றால் அவள் சொன்னதுதான் அங்கே தீர்ப்பு.

"என்ன கிளறா, உன்ரை ராசா சுகமோ? இந்தக் கிழமை என்ன தைச்சனி, கோவணமோ?"

"கோட். நீல வெல்வெற். சரிகை என்ரை காஞ்சிபுரச் சீலையிலையிருந்து உருவினது."

"ஓமோம். ஆற்றை காதிலை பூ வைக்கிறாய்? ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாவன், பாப்பம். இல்லாட்டி உந்தக் கதையை இனி இஞ்சை கதைக்காதை!"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நின்ற றெஜியும் சிரித்தான். கட்டின மனுசன்! கிளறாவுக்கு நெஞ்சுக்குள் என்னவோ அறுந்த மாதிரி இருந்தது.

"வாற ஞாயிறு கூட்டிக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டாள். கூட்டிக்கொண்டு வராவிட்டால் இனி அந்த வாசலில் தலைகாட்ட முடியாது.

மறுநாள் ராசாவிடம் கேட்டாள். அவர் இத்தாலியத்தில் மிகவும் கவலையோடு சொன்னார்: "தெரு குடியரசுக்குச் சொந்தம், சிஞ்ஞோரா கிளறா. நான் என்ன செய்ய?"

கிளறா துடைப்பத்தில் சாய்ந்து யோசித்தாள். ஊரில் ஆயர் வந்தாலும், பொம்பிளை மாப்பிள்ளை வந்தாலும், கால் மண்ணில் படாமல் நிலபாவாடை விரிப்பார்கள். இங்கேயும் திருநாளுக்கு ஆயர் வந்தபோது விரித்த இரண்டு வெள்ளைத் துணிகள் கோவில் அலுமாரியில் கிடக்கின்றன. விளிம்பு தைத்தவளும் அவள்தான்.

"மயெஸ்தா," என்று மாட்சிமைப் பட்டத்தோடு கூப்பிட்டாள். "தெரு அவையின்ரைதான். தெருவுக்கு மேலை விரிச்ச துணி?"

ராசா எழுந்து அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"துணி தைத்தவளுடையது. தைத்தவள் அரண்மனையைச் சேர்ந்தவள். அப்படியென்றால் துணி என் நாடு!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மூழ்காத நாடு எங்கள் குடும்பத்துக்கு இப்போதுதான் முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது."

வீட்டில் றெஜி துள்ளிக் குதித்தான்.

"உமக்கென்ன விசரோ? ஆயருக்கு விரிச்ச துணியை அந்த விசரனுக்கு விரிக்கிறதோ?"

"இஞ்சருங்கோ, நேற்று எல்லாருக்கும் முன்னாலை சிரிச்சனீங்களெல்லோ? அதுக்குத் தண்டம் இது. கோவில் திறப்பு வைச்சிருக்கிற லூர்து அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

றெஜி லூர்துவுக்குத் தொலைபேசி எடுத்தான்.

ஞாயிறு வந்தது. றெஜி ஒரு துணியை விரிக்க, ராசா அதில் நடந்தார். அவர் அதன் ஓரத்துக்கு வருமுன் லூர்து மற்றத் துணியை முன்னால் விரித்தார். றெஜி பின்னால் கிடந்த நாட்டைச் சுருட்டிக்கொண்டு முன்னால் ஓடினான். கேசவென் அகப்பையோடு வழிவிலக்கிப் போனார். பல்கனியில் உடுப்புக் காயப்போட்ட கிழவி ஒருத்தி, புது ஹோட்டல் திறக்கிறார்களா என்று கேட்டாள். ஒரு ஸ்கூட்டர் துணிக்கு மேலால் குறுக்கே போய்விட, ராசா "எல்லை மீறல்!" என்று கத்தினார். போர் அமைச்சர் துரத்திக்கொண்டு ஓடி, மூச்சு வாங்க வெறுங்கையோடு திரும்பினார்.

கோவில் வாசலை அடைந்தபோது சனம் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தது. எல்லாரும் அப்படியே நின்றார்கள். நீல வெல்வெற்றில் வெயில் பட்டுச் சரிகை மின்னியது. கிளறா ராசாவைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தாள். அனிற்றாவின் வாய் திறந்தபடியே இருந்தது. மாதாவே, இது போதும் என்று கிளறா நினைத்தாள்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வெல்வெற்றுக்குள் ராசாவுக்கு வியர்த்து ஊற்றியது. எதிரே ஒருவன் வண்டியில் கிரனீத்தா என்கிற எலுமிச்சை ஐஸ்கூழ் விற்றுக்கொண்டிருந்தான். ராசா அந்த ஐஸைப் பார்த்தார், சட்டத்தை யோசித்தார், மறுபடி ஐஸைப் பார்த்தார்.

"கொஞ்சம் பிடியுங்கள்," என்று கோட்டைக் கழற்றிக் கிளறாவிடம் கொடுத்துவிட்டு, துணியை விட்டு இறங்கி நடந்தார்.

"மயெஸ்தா!" என்று கேசவென் அலறினார். வண்டிக்காரன் கோப்பையை நீட்ட, எர்கோலே அங்கேயே நின்று கண்ணை மூடிக் குடித்தார். அவ்வளவுதான். ராச்சியம் முடிந்தது.

கிளறாவுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. ராசா இருந்த காலமெல்லாம் யாரும் நம்பவில்லை. நம்பின நிமிடத்தில் ராசா இல்லை. இத்தனை வருட உத்தியோகம் ஒரு கோப்பை ஐஸில் போய்விட்டது! பாழாய்ப் போன மனுசன்!

அனிற்றா வந்தாள். ஒன்றும் கேட்காமல் கோட்டை வாங்கி உட்புறத்தை வெளியே திருப்பினாள். தையல் தெரிந்தவர்கள் வெளிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. கைக்குழியில் விரலை ஓட்டினாள், பொத்தான் துளைகளைத் தடவினாள், ஒரு தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள்.

"கிளறா," என்றாள் கடைசியில். "உள்ளுக்கும் ஒரு பிசிறு இல்லையடி. இது ராசா வீட்டுத் தையல்தான்."

கிளறா எல்லாருக்கும் முன்னால் அழுதாள். வெட்கப்படவில்லை.

எர்கோலே வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கையை நீட்டினார். "என் கோட்டைத் தாருங்கள்."

கிளறா மூக்கை உறிஞ்சினாள். "தரேலாது. இது ராசான்ரை கோட். நீங்கள் இப்ப ஆர்?"

அவர் குனிந்து, கல்தெருவில் நிற்கிற தன் சப்பாத்துகளைப் பார்த்தார். சட்டம் சட்டம்தான்.

"எர்கோலே," என்றார். "வெறும் எர்கோலே."

"அப்ப வீட்டை போவம். இதை அரண்மனையிலை கொண்டுபோய்க் கொழுவவேணும்."

அவள் கோட்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு திரும்பியபோது முன்னால் வெள்ளைத் துணி விரிந்து கிடந்தது. றெஜி அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான்.

"என்னங்கோ இது? ராசா இல்லையெல்லோ."

"தையல்காரி இருக்கிறா. நடவும்," என்றான் றெஜி. அவன் சிரிக்கவில்லை.

கிளறா செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியில் கால் வைத்தாள். எர்கோலே அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு, வெறுந்தெருவில் அவளுக்குப் பின்னால் நடந்தார்.