சேர்மன் பிணை நின்ற பதினேழு பேர்

தெரிந்தவருக்கு மொழிபெயர்க்கக் கூடாது, தெரிந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது எங்கள் தொழிலின் சட்டம். 2003இல் லண்டனில், அகதி மேல்முறையீட்டு விசாரணை அறையில் ஞானரட்ணத்தைக் கண்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன். ஆமி எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் கிராமசபைச் சேர்மனாக இருந்த மனுசன். ஆமிக் காம்ப் ஜீப்பில் ஏறித் திரிந்தவர். இந்தத் துரோகியைத் திருப்பி அனுப்புவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது எனக்கு. தாடியும் கண்ணாடியுமாக இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீங்கள் இராணுவத்துக்கு வேலை செய்தீர்கள்," என்றார் அரசாங்க வக்கீல். தமிழில் சொன்னேன், கொஞ்சம் அழுத்தியே.

"ஓம், காம்புக்குப் போனனான். பிடிபட்ட பெடியளை வெளியிலை எடுக்க ஆராவது பிணை நிக்கவேணும். சேர்மன் எண்டபடியால் நான் கையெழுத்து வைச்சன். வெளியிலை வந்தவன் ஞாயிறு ஞாயிறு காம்பிலை முகம் காட்டவேணும். வராட்டி பிணை நிண்டவன் போகவேணும்."

"அவர்கள் வந்தார்களா?"

"ஏன் வரப்போறாங்கள்? ஓடிப் போகட்டுமெண்டுதானே எடுத்தனான். பதினேழு பேர். ஞாயிறெல்லாம் நான்தான் போனன். பின்னேரம் வரைக்கும் வெயிலுக்கை முழங்காலிலை விடுவாங்கள். சில நாள் அடி. ரெண்டரை வருசம். பெடியளுக்குச் சொல்லக்கூடாதெண்டு தாய் தேப்பனிட்டைச் சத்தியம் வாங்கினனான். தெரிஞ்சால் போக மனம் வராது. கடைசியா எடுத்தது போஸ்ட் மாஸ்டற்றை மகனை. ஒன்பது நாள் உள்ளுக்கை கிடந்தவன்."

எங்கள் ஊர்ப் போஸ்ட் மாஸ்டர் என் அப்பா. அம்மா காம்ப் வாசலில் விழுந்து அழுததால்தான் என்னை விட்டார்கள் என்று பதினைந்து வருடமாக நம்பியிருந்தேன். நான் பாரிசில் கோப்பை கழுவிய ஞாயிறுகளில் இந்த மனுசன் எனக்காக முழங்காலில் நின்றிருக்கிறார். மொழிபெயர்ப்பவன் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் பட்டதையெல்லாம் 'நான் பட்டேன்' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இப்படியும் ஒரு மனுசன் இருப்பாரா?

"ஒருவருடைய பெயரையாவது சொல்லுங்கள்," என்றார் நீதிபதி. "சாட்சி இல்லாமல் இதை எப்படி ஏற்பது?"

"பேர் சொல்லமாட்டன். அதுகள் எந்த நாட்டிலை என்னத்தைச் சொல்லி விசா எடுத்துதுகளோ. என்னாலை ஒருத்தருக்கும் கரைச்சல் வேண்டாம். அனுப்பிறதெண்டால் அனுப்புங்கோ."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பிறகு எழுந்து, இனி என்னால் மொழிபெயர்க்க முடியாது, நான் சாட்சி என்று நீதிபதியிடம் இங்கிலீசில் சொன்னேன். வேலை போகும் என்று தெரியும். போகட்டும்.

"என்ன தம்பி சொல்லுறியள்?" என்றார் அவர்.

"போஸ்ட் மாஸ்டற்றை மகன் நான்தான், ஐயா. யோகராஜா."

அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இரடா தம்பி, பேசாமல் இரு. உன்ரை விசாவுக்கு ஏதும் வந்திடும்."